ஒரே நிலா, எத்தனை பெயர்!

உங்கள் வீட்டில் யாருக்காவது மூல நட்சத்திரம் உண்டா? அதிலும் பெண் பிள்ளைக்கு? உண்டென்றால், நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்கு முன்னமே தெரிந்ததுதான். மற்றப் பாதியை எனக்கு ஒரு பௌர்ணமியின் பெயர் சொல்லிக் கொடுத்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் கும்பகோணத்துப் பெண். மூலத்தில் பிறந்தவள். “ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” என்பதைத் தாலாட்டுப் போலக் கேட்டே வளர்ந்தேன். கல்யாண வயது வந்ததும் என் ஜாதகம் ஊர் ஊராகப் போயிற்று. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. “பெண் லட்சணம்தான், படிப்பும் இருக்கிறது. ஆனால் மாமனாருக்கு ஆகாதே!” என்பார்கள். கடைசியில் தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமனார் இல்லாத வீடாகப் பார்ப்பது! அப்படிப் பார்த்துப் பிடித்த வீடுதான் தளியில் இருந்தது. 1997-ஆம் வருஷம் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன்.

கூடத்தில் மாமனாரின் படம் மாட்டியிருக்கும். தினமும் அதற்குப் பூ வைப்பது என் வேலை. என் மாமியார் தங்கமானவர். ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் படத்தைப் பார்த்துக்கொண்டே, “அவர் இருந்திருந்தால் நீ இந்த வீட்டுக்கு வந்தே இருக்க மாட்டாய், அம்மா” என்றார். வருத்தத்தில் சொன்ன வார்த்தைதான். இருந்தாலும், ஒருவர் இல்லாமல் போனதுதான் நமக்கு இங்கே இடம் தந்தது என்ற நினைப்போடு பூ வைப்பது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

தளி எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையை ஒட்டிப் போனால் வரும். நான் வந்தபோது தர்மபுரி ஜில்லா. 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லா ஆயிற்று. மேட்டுப் பூமி, வெயில் காலத்திலும் ஒரு குளிர்ச்சி இருக்கும். குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரர்கள் செல்லமாகச் சொன்னார்களாம். ராகியும் ரோஜாவும் முட்டைக்கோசும் விளைகிற ஊர். விடிகாலையில் பிள்ளைகள் பஸ் ஏறி ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். என் கணவரும் அப்படிப் போய் வருகிறவர்தான். தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் கன்னடம், அதற்கடுத்த வீட்டில் தெலுங்கு. சண்டை வந்தால் மட்டும் மூன்றும் சேர்ந்து கேட்கும்!

இத்தனை வருஷத்தில் என் நட்சத்திரத்தை நானே மறந்து போயிருந்தேன். போன டிசம்பரில் அது மறுபடி வாசற்படி ஏறி வந்தது. என் பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம். சேலத்துப் பக்கமிருந்து ஒரு ஜாதகம். படித்த பெண், நல்ல குடும்பம், படத்தில் சிரித்த முகம். நட்சத்திரத்தைப் பார்த்தேன். மூலம்!

என் நாத்தனார் டெலிபோனில் கூப்பிட்டுச் சொன்னார்: “எனக்கு என் தம்பி உயிர் பெரிசு. அப்புறம் உன் இஷ்டம்.”

கேட்டீர்களா வேடிக்கையை? அன்று மாமனார் இல்லாத வீடு தேடினார்கள். இன்று என் வீட்டில் மாமனார் ஆகப் போகிறவர் என் கணவரே அல்லவா! நான் பட்டதெல்லாம் எனக்கு நினைவில்லையா? இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜாதகத்தை மடித்து, மளிகைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வெட்கம். சரி என்று சொல்லப் பயம்.

இப்படி இருக்கையில் இந்த 2026 ஜனவரி முதல் தேதி வந்தது. பக்கத்து வீட்டு அஜ்ஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. அவருடைய பேத்தி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலம் ஒரு கேக் வாங்கி வந்து, எங்களையும் கூப்பிட்டாள். “அஜ்ஜியின் ஆதார் கார்டில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது, அத்தை. கொண்டாட வேண்டாமா?”

உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதை மட்டும் சொன்னால், அந்த வருஷத்து ஜனவரி முதல் தேதி என்று எழுதிவிடுவார்கள். நம் தேசத்தில் எத்தனை லட்சம் பாட்டிகள் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள், பாருங்கள்!

அஜ்ஜி கத்தியைத் தொடவே இல்லை. “நன்ன ஹுட்டித ஹப்ப அல்ல இது” என்றார். என் பிறந்த நாள் இது இல்லை என்று அர்த்தம். “இது சர்க்கார் கொடுத்த நாள். நான் கார ஹுண்ணிமெயில் பிறந்தவள்” என்று ஒரே பிடிவாதம்.

மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவருமாக அவரைக்காய் உரித்தோம். தை பிறக்கும் சமயம் இங்கே வீட்டுக்கு வீடு பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்புதான். “கார ஹுண்ணிமெ என்றால் என்ன, அஜ்ஜி?” என்று மெல்லக் கேட்டேன்.

ஹுண்ணிமெ என்றால் பௌர்ணமி. அஜ்ஜியின் அம்மா சித்ரதுர்க்கா பக்கத்து மாட்டு வியாபாரியின் மகள். சந்தைப் பழக்கத்தில் ஏற்பட்ட சம்பந்தத்தால் தளிக்கு வாழ வந்தவர். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போனார். அஜ்ஜி அங்கே பிறந்தார். அந்தச் சீமையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தனித் தனிப் பெயர் உண்டாம். அஜ்ஜி விரல் விட்டுச் சொல்லச் சொல்ல நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

சித்திரைச் சமயத்தில் தவனம் வாசனை வீசுகிற காலம். அது தவனத ஹுண்ணிமெ. பூணூல் மாற்றுகிற ஆவணிப் பௌர்ணமி நூல ஹுண்ணிமெ. கதிர் பிடித்த வயலைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் பாவித்து, சித்திரான்னங்கள் செய்து எடுத்துப் போய்ப் பூமிக்குப் படைப்பது சீகி ஹுண்ணிமெ. பயிருக்குச் சீமந்தம் செய்கிறார்கள், அம்மா! மார்கழியை ஒட்டி வருவது ஹொஸ்தில ஹுண்ணிமெ. ஹொஸ்திலு என்றால் வாசற்படி. அன்று பெண்கள் நிலைப்படிக்குப் பூஜை செய்வார்கள். நாளெல்லாம் மிதிபடுகிற படிக்கும் ஒரு நாள் மரியாதை!

“கார ஹுண்ணிமெ மாட்டுக்கு” என்றார் அஜ்ஜி. ஜூன் மாதம், முதல் மழை விழுந்ததும் வருவது. கார் என்றால் நமக்கும் மழைக் காலம்தானே? அந்தக் கார்தான் இது என்பார்கள். உழவு துவங்குமுன் எருதுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, ஜூல் போர்த்தி, நல்லதாக ஊட்டி, ஊர் நடுவே ஓட்டுவார்கள். நாம் அறுவடை முடிந்தபின் மாட்டுப் பொங்கலில் நன்றி சொல்கிறோம். அவர்கள் வேலை வாங்குமுன்பே விருந்து வைத்துவிடுகிறார்கள். எது உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய எருதைக் கேட்டால் என்ன சொல்லும் என்று ஊகிக்கலாம்! அதே பௌர்ணமிக்கு ஆந்திராவில் ஏருவாகப் பௌர்ணமி என்று பெயர். ஏரு என்பது நம் ஏர்தான். எங்கள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரருக்கு அது தெரிந்திருந்தது. அஜ்ஜியின் பெயர்களோ அவர் பேத்திக்கே தெரியவில்லை.

“உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள், மகளே?” என்று அஜ்ஜி கேட்டார்.

நம் பக்கம் வழி வேறு. அவர்கள் வயலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம் முன்னோர் வானத்தைப் பார்த்து வைத்தார்கள். சந்திரன் நாளுக்கு ஒரு நட்சத்திரமாக 27 நட்சத்திர வீடுகளையும் சுமார் 27⅓ நாளில் சுற்றி வருகிறது. ஆனால் ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சுமார் 29½ நாள் இடைவெளி. அதனால் ஒவ்வொரு பௌர்ணமியும் இரண்டு வீடு தள்ளித் தள்ளி நிகழ்கிறது. எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிறைகிறதோ, அதன் பெயரையே மாதத்துக்கு வைத்துவிட்டார்கள். சித்திரைக்குச் சித்திரை. விசாகத்தால் வைகாசி. அசுவதியால் ஐப்பசி. கார்த்திகைக்குக் கார்த்திகை. திஷ்யம் என்ற பழைய பெயர் கொண்ட பூசத்தால் தை. மகத்தால் மாசி. உத்திரப் பல்குனியால் பங்குனி. சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் என்று நாம் வருஷமெல்லாம் கொண்டாடுவது, அந்தந்த மாதம் தன் பெயருக்குக் காரணமான நட்சத்திரத்தோடு நிலா சேரும் நாளைத்தான். கோயிலுக்குப் போகிறோம், மாவிளக்கு ஏற்றுகிறோம். இதை மட்டும் யோசிப்பதில்லை.

ஆனியின் பெயரில் மட்டும் நட்சத்திரம் அப்படி முகம் காட்டுவதில்லை. ஆனிப் பௌர்ணமி கேட்டை, மூலம் நட்சத்திரங்களை ஒட்டி நிகழ்கிறது.

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஏதோ தட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பேத்தி வேலை விட்டு வந்தாள். “அஜ்ஜி, எந்த வருஷத்துக் கார ஹுண்ணிமெ?” என்று கேட்டோம். “காந்தி செத்த வருஷம். மாட்டு ஓட்டம் முடிந்து, மாடெல்லாம் வீடு திரும்புகிற நேரத்தில் பிறந்தேன் என்று அவ்வா சொல்லும்” என்றார். காந்தியடிகள் மறைந்தது 1948 ஜனவரி 30. அப்படியானால் அந்த வருஷத்து ஆனிப் பௌர்ணமி. பேத்தி தன் செல்போனில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடினாள். இந்தக் காலத்தில் எந்த வருஷத்துப் பஞ்சாங்கமும் கைக்குள் வந்துவிடுகிறதே! 1948 ஜூன் 21. சாயங்காலம் சுமார் ஆறரை மணிக்குப் பௌர்ணமி பூரணம். கிழமை திங்கள்.

“திங்களா?” என்று பேத்தி கூவினாள். அஜ்ஜியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை; ஆனால் அது ‘சோம’ என்று தொடங்கும். சோமவாரத்தில் பிறந்ததால் வைத்த பெயர்! யாருக்கும் காரணம் தெரியாமல் 77 வருஷம் அழைத்துக்கொண்டிருந்த பெயர், ஒரு பௌர்ணமியின் பெயரைத் தொட்டதும் தன் காரணத்தைச் சொல்லிவிட்டது. கார்டில் ஏறாத பிறந்த நாளை நிலா பத்திரமாக வைத்திருந்தது. அஜ்ஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானோ அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய அந்தி நேரத்துக்கு நட்சத்திரம், மூலம்.

சொல்லலாமா, வேண்டாமா? இத்தனை வயதில் ஒரு கிழவியின் தலையில் இதைப் போட வேண்டுமா என்று தயங்கினேன். இருந்தாலும் நாக்கு நிற்கவில்லை. “அஜ்ஜி, உங்களுக்கும் என் நட்சத்திரம். மூலம்” என்றேன்.

“அப்படி என்றால்?”

“மூலம் என்றால் வேர் என்று பொருள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு அது ஆகாது என்பார்கள். மாமனாருக்குக் கெடுதல் என்பார்கள்.”

அஜ்ஜி என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்தார். “என் மாமனார் எண்பது தாண்டி இருந்தார், மகளே. கடைசி நாள் வரை என் கையால் கிண்டின களிதான் வேண்டும் என்பார். வேறு யார் கிண்டினாலும் கட்டி தட்டிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவார். வேர் கெட்டது என்றால் ராகி எப்படி நிற்கும்?”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே நிலா. ஒரே நட்சத்திரம். சித்ரதுர்க்காப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தார்கள். “பண்டிகை நாளில் பிறந்த குழந்தை” என்று கொண்டாடினார்கள். என் வீட்டில் பஞ்சாங்கம் இருந்தது. நான் பிறந்ததும் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அஜ்ஜியின் மாமனார் ஒருவர் நன்றாக இருந்தார் என்பது நிரூபணம் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழமொழிக்கு மட்டும் யார் என்ன நிரூபணம் காட்டினார்கள்? பெரியவர்கள் சிலர், “அது ‘ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்’ என்றுதான் இருந்தது, ‘ஆண், பெண்’ என்று திரிந்துவிட்டது” என்பார்கள். எனக்கு அதிலும் திருப்தி இல்லை. பின் மூலத்தில் பிறந்தவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? பழியை ஒரு தலையிலிருந்து எடுத்து இன்னொரு தலையில் வைப்பதுதானே?

யோசிக்க யோசிக்க ஆச்சரியமாக இருந்தது. இந்த ஒரு பௌர்ணமிக்குத்தான் எத்தனை மரியாதை! மகாராஷ்டிரத்தில் பெண்கள் அன்று ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டிச் சாவித்திரி நோன்பு நூற்கிறார்கள். பூரி ஜகந்நாதருக்கு அன்று 108 குடம் நீரால் திருமஞ்சனம். இலங்கையில் அது பொசன். மகிந்தர் மிகிந்தலைக்குப் பௌத்தத்தைக் கொண்டு வந்த நாள் என்று அங்கே விடுமுறை. அமெரிக்காவின் பூர்வ குடிகள் காட்டில் பழம் பறிக்கிற காலம் என்று அதற்கு ஸ்ட்ராபெர்ரி நிலா என்று பெயர் வைத்தார்கள். நிலா சிவப்பாக வரும் என்று எண்ணிவிடாதீர்கள், பழம்தான் சிவப்பு! வானத்தில் மூலம் இருப்பது விருச்சிகத்தின் வால் பக்கம். நம் சூரியனும் கோடி கோடி நட்சத்திரங்களும் சேர்ந்த பால்வீதியின் மையம் இருப்பது அந்தத் திசையில்தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். வேர் என்று பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் பெயர் எப்படிப் பொருந்துகிறது, பாருங்கள்! இவ்வளவு பேர் கைகூப்புகிற இடத்தைப் பார்த்துத்தான் நாம் ஒரு பெண்ணை, “வராதே” என்கிறோம்.

ஜனவரி 3, சனிக்கிழமை, திருவாதிரை. களி செய்து அஜ்ஜிக்குக் கொடுத்தனுப்பினேன். “இதுவா களி? இது பாயசம்!” என்று வெல்லக் களியைக் கேலி செய்தார். “இன்றைக்கு எங்களுக்குப் பனத ஹுண்ணிமெ, பாதாமி பனசங்கரிக்குத் தேர்” என்று இன்னொரு பெயரையும் சொன்னார். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு ஏரிக்கரைக்கு மேலே நிலா ஏறி நின்றது. வாசலில் உட்கார்ந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாதகத்தை மளிகைச் சீட்டுக்கு அடியில் ஒளித்ததையும் சொன்னேன். அவர் சிரித்தார். “இருபத்தெட்டு வருஷமாக ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். அதற்குப் பயப்படு, நியாயம். எங்கேயோ இருக்கிற ஒரு பெண்ணுக்கு ஏன் பயப்படுகிறாய்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பா போனபோது எனக்கு வயது பத்தொன்பது. நீ அப்போது எங்கே இருந்தாய்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எனக்கு நானே ஏன் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை? மறுநாள் காலையில் மாமனார் படத்துக்குப் பூ வைத்தபோது, முதல் தடவையாக என் கை லேசாக இருந்தது.

நாத்தனாருக்கு நானே டெலிபோன் செய்தேன். “அண்ணி, பெண்ணைப் பார்க்கப் போகிறோம். நீங்களும் வர வேண்டும்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பெண் சமைப்பாளா?” என்று கேட்டார். வருகிறார் என்று அர்த்தம்!

கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். பார்த்துவிட்டு வந்திருக்கிறோம், எங்களைப் பிடித்திருக்கிறதா என்று அவர்கள் சொல்ல வேண்டாமா? எது எப்படியானாலும், அந்தப் பெண்ணின் ஜாதகம் நட்சத்திரத்துக்காக என் வீட்டிலிருந்து திரும்பாது. அது முடிந்துவிட்டது.

இன்னொரு விசேஷம். சந்திரனுடைய பன்னிரண்டு மாதம் சூரியனுடைய வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போல ஒரு மாதம் இரட்டிக்கும். இந்த 2026-ல் இரட்டிப்பது அஜ்ஜியின் மாதமேதான்! பண்டிகை இரண்டாவதற்குத்தான் என்பதால் கார ஹுண்ணிமெ ஜூன் 29-ல் வருகிறது. கிழமை என்ன தெரியுமா? சோமவாரம்! பேத்தி இப்போதே கேக்குக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டாள். அஜ்ஜியோ, “கேக் உங்களுக்கு, என் வீட்டு மாட்டுக்கு வெல்லமும் ராகியும் வாங்கு” என்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். அவரிடம் போய், “நீ எந்தப் பௌர்ணமிக்கு முன்னே பின்னே பிறந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். கார்டில் இல்லாத ஒரு நாள் கிடைக்கலாம். கேட்கிற கையோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்; பெயர்கள் நிறைய வரும்.